நஷ்டத்தின் மீது விழும் அபராதம்



வருமான வரி என்பது லாபத்தில் சர்க்கார் கேட்டுப் பெறும் பங்கு என்ற எண்ணமே பொதுவாக எல்லாருடைய மனத்திலும் பதிந்திருக்கிறது. ஆகையால், லாபம் என்பதையே காணாத ஒரு கம்பெனி, வரியாக ஒரு காசும் செலுத்த வேண்டியிராத ஒரு வருஷத்தில், வரியை ஏய்க்க முற்பட்டது என்ற காரணத்தின் பேரில் பல லட்ச ரூபாய் அபராதம் கட்டும்படி உத்தரவாகக்கூடும் என்று சொன்னால், அது எப்படி நியாயமாகும் என்று கேட்கத் தோன்றுவது இயல்பே. நமது நாட்டு வருமான வரிச் சட்டத்தில் இக்கேள்வி கால் நூற்றாண்டுக் காலம் நீதிமன்றங்களை அலைக்கழித்து, ஒருமுறை ஒருவிதமாகவும் மறுமுறை வேறுவிதமாகவும் விடை பெற்று, இறுதியில் பாராளுமன்றத்தின் திருத்தத்தாலும் சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பாலும் ஒருவகையாக முடிவுக்கு வந்தது. அந்த முடிவை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால், அது நடைமுறையில் பிரயோகிக்கப்படும் முறையில் எனக்குள்ள ஆட்சேபணைகளை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில், சென்ற வருஷத்து நஷ்டத்தை இந்த வருஷத்து லாபத்தில் கழித்துக்கொள்ளச் சட்டம் ஏன் இடங்கொடுக்கிறது என்பதைப் பார்ப்போம். ஏப்ரல் முதல் தேதியில் தொடங்கி மார்ச் 31-இல் முடியும் வருஷம் கணக்கு எழுதுவதற்காக நாம் வகுத்துக்கொண்ட எல்லை. வியாபாரம் அந்த எல்லையைப் பார்த்து நடப்பதில்லை. புதிதாக இயந்திரங்களை நிறுவிய ஒரு நூல் மில், முதல் வருஷத்தில் ஒரு கோடி ரூபாய் நஷ்டப்பட்டு, இரண்டாவது வருஷத்தில் ஒரு கோடி லாபம் ஈட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருஷத்தையும் சேர்த்துப் பார்த்தால் மில்லின் முதலாளிகள் கையில் மிஞ்சியது ஒன்றும் இல்லை. ஆயினும், ஒவ்வொரு வருஷத்தையும் தனித்தனியே எடுத்து, நஷ்ட வருஷத்தை மறந்துவிட்டு, லாப வருஷத்துக்கு மட்டும் வரி வாங்கினால், வருமானமே இல்லாத இடத்தில் வருமான வரி வாங்கியதாக ஆகிவிடும். நஷ்டத்தை முன்னெடுத்துச் செல்லும் உரிமையைச் சலுகை என்றும், சர்க்காரின் தயவு என்றும் பேசுகிறவர்கள் உண்டு; என் அபிப்பிராயத்தில் அது வருமானத்தைச் சரியாகக் கணக்கிடும் முறையின் ஓர் அங்கமே அன்றி வேறில்லை. இந்தக் கருத்தை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், இதைச் சலுகையென்று கருதும் மனப்பான்மையே, அது மறுக்கப்படும்போது அபராதத்தையும் உடன் சேர்த்து விதிக்கத் தூண்டுகிறது என்பதுதான்.

இந்த உரிமைக்குச் சட்டம் பல வேலிகளைப் போட்டிருக்கிறது. 1961-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 72-ஆம் பிரிவின்படி வியாபார நஷ்டத்தை எட்டு மதிப்பீட்டு வருஷங்கள் வரை எடுத்துச் செல்லலாம். ஊக வாணிப நஷ்டமாயின் இப்போது நான்கே வருஷம். கழிக்கப்படாமல் நின்ற தேய்மானத்துக்கு மட்டும் கால வரம்பு இல்லை. 80-ஆம் பிரிவு, ரிட்டர்னை உரிய தேதிக்குள் தாக்கல் செய்திராவிட்டால் நஷ்டத்தை எடுத்துச் செல்லும் பேச்சுக்கே இடமில்லை என்கிறது. 79-ஆம் பிரிவோ, பொதுமக்களுக்குக் கணிசமான பங்கில்லாத கம்பெனிகளில், நஷ்டம் ஏற்பட்ட வருஷத்தின் கடைசி நாளில் 51 சதவீத வாக்குரிமையை உடையவர்களாக இருந்தவர்களே நஷ்டம் கழிக்கப்படும் வருஷத்தின் கடைசி நாளிலும் அவ்வுரிமையை உடையவர்களாக இருக்க வேண்டும் என்று விதிக்கிறது. நஷ்டக் கணக்கை விலைக்கு வாங்கி வரியைத் தவிர்க்கும் வியாபாரத்தைத் தடுப்பதே அதன் நோக்கம். திவால் சட்டத்தின் கீழ் மீட்புத் திட்டத்தால் கை மாறும் கம்பெனிகளுக்கு 2018-இல் இதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. பழைய சட்டத்தின் இடத்தில் 2025-ஆம் வருஷத்துப் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பிரிவு எண்கள் மாறினவே ஒழிய இவ்விஷயத்தின் சாரம் மாறவில்லை. முந்தைய வருஷங்களைப் பற்றிய வழக்குகள் பழைய சட்டத்தின்படியே நடைபெறும் ஆதலால், நான் பழைய எண்களையே சொல்லி வருகிறேன்.

இங்கே கவனிக்க வேண்டிய மற்றொரு விஷயம் உண்டு. ஒரு வருஷத்தின் நஷ்டத்தைப் பிந்திய வருஷத்தில் கழிக்கலாமா என்பதை, அந்தப் பிந்திய வருஷத்துக் கணக்கை விசாரிக்கும் அதிகாரியே நிர்ணயிக்க வேண்டும் என்று 1960-களிலேயே சுப்ரீம் கோர்ட்டு மன்மோகன் தாஸ் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. இதன் விளைவாக, நஷ்டத்தைக் கணக்கெழுதிய மானேஜர் ஓய்வு பெற்றுப் போய், கம்பெனியின் டைரக்டர்கள் மாறி, பழைய வவுச்சர்கள் மூட்டையாகக் கட்டிக் கிடங்கில் போடப்பட்ட பிறகு, எட்டாவது வருஷத்தில்கூட ஓர் அதிகாரி, இந்த நஷ்டத்தை ஒப்புக்கொள்ள முடியாது என்று சொல்லக்கூடும். மறுப்பும், அதைத் தொடர்ந்து வரும் அபராத நோட்டீசும், செயலைச் செய்தவர்களிடம் அல்லாமல் அவர்களுக்குப் பின் வந்தவர்களிடமே பெரும்பாலும் போய்ச் சேருகின்றன.

நஷ்டக் கோரிக்கை மறுக்கப்படும் சந்தர்ப்பங்கள் எல்லாம் ஒரே தன்மையுடையவை அல்ல. வாங்காத சரக்குக்குப் பில் எழுதி, இல்லாத கடனுக்கு வட்டி கட்டியதாகக் காட்டி, நஷ்டத்தையே கற்பனையாகச் சிருஷ்டித்தவன் ஒருவன். செலவு மெய்யாகவே நடந்திருக்க, அதைச் சட்டப்படி கழிக்கலாமா கூடாதா என்பதில் அதிகாரியோடு கருத்து வேற்றுமை கொண்டவன் வேறொருவன். இவ்விருவரையும் சேராமல், நஷ்டமும் மெய், கணக்கும் சரி, ஆனால் தேதி தவறிப்போயிற்று, அல்லது பங்குகள் கை மாறிப்போயின என்ற காரணத்தால் கதவு சாத்தப்பட்டவன் இன்னொருவன்.

இந்தக் கடைசி வகைக்கு விப்ரோ கம்பெனியின் வழக்கு தக்க உதாரணம். ஏற்றுமதிக்கென அமைந்த தொழிலகத்துக்கு 10பி பிரிவின் கீழ் கிடைக்கும் விலக்கு வேண்டாம், அதற்குப் பதிலாக நஷ்டத்தை எடுத்துச் செல்லவே விரும்புகிறோம் என்ற பிரகடனத்தை, ரிட்டர்ன் தாக்கல் செய்வதற்கான கடைசித் தேதிக்குள் எழுத்து மூலம் கொடுத்திருக்க வேண்டும். 2001-02 மதிப்பீட்டு வருஷத்துக்கு 2001 அக்டோபர் 31-இல் ரிட்டர்ன் கொடுத்த அக்கம்பெனி, அந்தப் பிரகடனத்தை 2002 அக்டோபர் 24-இல்தான் கொடுத்து, டிசம்பரில் திருத்திய ரிட்டர்னையும் தாக்கல் செய்தது. டிரிப்யூனலும் கர்நாடக ஹைகோர்ட்டும் தாமதத்தைப் பொருட்படுத்தவில்லை. ஆனால், பிரகடனம் என்பதும் உரிய தேதிக்குள் என்பதும் இரண்டும் கட்டாயமான நிபந்தனைகளே என்று 2022 ஜூலை 11-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்த்துவிட்டது. சுமார் 15½ கோடி ரூபாய் நஷ்டத்தைப் பற்றிய கேள்விக்கு விடை கிடைக்க இருபது வருஷங்களுக்கு மேல் ஆயின. டிரிப்யூனலின் அங்கத்தினர்களும் ஹைகோர்ட்டு நீதிபதிகளும் சரியென்று கருதிய ஒரு கோரிக்கையை, கடைசியில் தோற்றது என்ற ஒரே காரணத்தால் ஏமாற்று என்று யாரால் சொல்ல முடியும்? தாமதமாக வந்த ரிட்டர்னை மன்னிக்க 119-ஆம் பிரிவின் கீழ் நேர்முக வரிகளின் மத்திய வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. அதன் 2024 அக்டோபர் சுற்றறிக்கைப்படி, மதிப்பீட்டு வருஷம் முடிந்து ஐந்து வருஷத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மன்னிக்கத்தக்க தாமதம் என்று சட்டமே வகுத்திருக்கும் ஒன்று, அபராதத்துக்குரிய குற்றமாக எப்படி மாறும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

இனி அபராதத்தின் வரலாற்றுக்கு வருவோம். 2016-17 மதிப்பீட்டு வருஷம் வரை இவ்விஷயத்தை ஆண்டுவந்தது 271-ஆம் பிரிவின் முதல் உட்பிரிவில் உள்ள (சி) என்ற வாசகம். வருமான விவரங்களை மறைத்தாலும் தவறான விவரங்களைக் கொடுத்தாலும், ஏய்க்க நாடிய வரியின் அளவுக்குக் குறையாமலும் அதன் மும்மடங்குக்கு மேற்படாமலும் அபராதம் விதிக்கலாம் என்பது அதன் விதி. ‘ஏய்க்க நாடிய வரி’ என்பதை அளவுகோலாக வைத்ததில்தான் சிக்கல் பிறந்தது. ஒரு கோடி நஷ்டம் காட்டிய கம்பெனியின் கணக்கில் 40 லட்சத்தை அதிகாரி தள்ளிவிட்டால் 60 லட்சம் நஷ்டம் எஞ்சுகிறது. அப்போதும் வரி இல்லை, இப்போதும் வரி இல்லை. வரியே இல்லாத இடத்தில் ஏய்க்க நாடிய வரி எங்கிருந்து வந்தது? பிருத்திபால் சிங் கம்பெனி வழக்கில் பஞ்சாப்-ஹரியாணா ஹைகோர்ட்டு இந்த வாதத்தை ஏற்று அபராதம் செல்லாது என்றது. சுப்ரீம் கோர்ட்டும் அதை நிலைநிறுத்தியது. உடனே 2002-ஆம் வருஷத்து நிதிச் சட்டத்தில், மறைத்த தொகை நஷ்டத்தைக் குறைத்தாலும் அல்லது நஷ்டத்தை லாபமாக மாற்றினாலும், அத்தொகையே மொத்த வருமானம் என்று கொண்டு அதன் மீது வரக்கூடிய வரியை அளவாகக் கொள்ள வேண்டும் என்று விளக்கம் திருத்தப்பட்டு, 2003 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்தது. இத்திருத்தம் முந்தைய வருஷங்களுக்குப் பொருந்தாது என்று 2007 பிப்ரவரியில் வர்ச்சுவல் சாஃப்ட் சிஸ்டம்ஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. ஒன்றரை வருஷம் கழித்து, 2008 ஆகஸ்ட் 18-இல் கோல்டு காயின் ஹெல்த் ஃபுட் வழக்கில் மூன்று நீதிபதிகள் அடங்கிய பெஞ்சு அதை மாற்றி, திருத்தம் புதிய பொறுப்பு எதையும் உண்டாக்கவில்லை, முன்பே சட்டத்தில் இருந்த பொருளைத் தெளிவாக்கிற்று, ஆகவே பழைய வருஷங்களுக்கும் பொருந்தும் என்று முடிவு செய்தது.

கோல்டு காயின் தீர்ப்பின் அடிப்படைக் கருத்தோடு எனக்குப் பிணக்கில்லை. பொய்யான நஷ்டம் என்பது இன்றைக்கு வரியைக் குறைக்காவிட்டாலும், எட்டு வருஷத்துக்குள் என்றைக்கேனும் லாபம் வரும்போது அதை மறைப்பதற்காகச் சேமித்து வைக்கும் ஆயுதம். லாபத்தில் உள்ள கம்பெனி போலிப் பில் காட்டினால் தண்டனை, நஷ்டத்தில் உள்ள கம்பெனி அதே போலிப் பில்லைக் காட்டினால் தண்டனை இல்லை என்று வைத்தால், நேர்மையாக வரி கட்டுகிறவன் சட்டத்தின் மீது வைத்திருக்கும் நம்பிக்கை தகர்ந்துபோகும். மெய்யாக மறைத்தவனுக்கு அபராதம் விதிப்பதை நான் மனப்பூர்வமாக ஆதரிக்கிறேன்.

ஆனால், பொய்யனுக்காகச் செய்த அளவுகோல், கருத்து வேற்றுமை கொண்டவன் மீது பிரயோகிக்கப்படும்போது என்ன நேருகிறது என்பதை ரிலையன்ஸ் பெட்ரோபிராடக்ட்ஸ் வழக்கின் கணக்கு மிகத் தெளிவாகக் காட்டுகிறது. 2001-02 மதிப்பீட்டு வருஷத்துக்கு அக்கம்பெனி 26,54,554 ரூபாய் நஷ்டம் காட்டியது. பங்குகள் வாங்குவதற்காகப் பெற்ற கடனுக்குக் கட்டிய வட்டி 28,77,242 ரூபாயை அதிகாரி தள்ளிவிட்டார். நஷ்டம் மறைந்து, 2,22,688 ரூபாய் வருமானம் என்று நிர்ணயமாயிற்று. அதற்குமேல் விதிக்கப்பட்ட அபராதமோ 11,37,949 ரூபாய். அதாவது, அதிகாரியே நிர்ணயித்த முழு வருமானத்தைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல்! தள்ளப்பட்ட தொகையையே தனி வருமானமாகப் பாவித்து அதன்மேல் வரியைக் கணக்கிட்டதால் வந்த விளைவு இது. கம்பெனி எதையேனும் மறைத்ததா? கடன் வாங்கியதும், பங்கு வாங்கியதும், வட்டி கட்டியதும் கணக்கில் வெளிப்படையாக இருந்தன. மேல்முறையீட்டு அதிகாரிகளும் குஜராத் ஹைகோர்ட்டும் அபராதத்தை நீக்கின. 2010 மார்ச் 17-இல் சுப்ரீம் கோர்ட்டு வரித் துறையின் முறையீட்டைத் தள்ளி, சட்டப்படி நிலைக்காத ஒரு கோரிக்கையைச் செய்வது மட்டுமே தவறான விவரம் கொடுத்ததாக ஆகாது என்று தீர்ப்பளித்தது. அப்படி ஆகுமென்றால், அதிகாரி ஏற்காத ஒவ்வொரு ரிட்டர்னும் அபராதத்துக்கு இலக்காகிவிடும். இதே நியாயத்தை 1969-இலேயே இந்துஸ்தான் ஸ்டீல் வழக்கில் அக்கோர்ட்டு வேறு வகையில் கூறியிருந்தது; அபராதம் விதிக்கச் சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காகவே விதித்துவிடலாகாது, சட்டத்தை வேண்டுமென்றே மீறியவனோ பொறுப்பை அலட்சியம் செய்தவனோ ஆனாலன்றி அபராதம் பொதுவாகப் பொருந்தாது என்பது அதன் சாரம்.

2012-இல் வந்த பிரைஸ் வாட்டர்ஹவுஸ் கூப்பர்ஸ் தீர்ப்பையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பணிக்கொடைக்காக ஒதுக்கிய 23 லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட தொகையைக் கழிக்க இயலாது என்று வரித் தணிக்கை அறிக்கையிலேயே எழுதியிருந்தும், ரிட்டர்னில் அதைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். மறைக்க நினைப்பவன் தணிக்கை அறிக்கையில் உண்மையை எழுதி அதிகாரியின் கையிலேயே கொடுக்கமாட்டான் என்ற எளிய நியாயத்தின் பேரில் அபராதம் நீங்கியது. நஷ்ட விஷயத்தில் இத்தீர்ப்புக்குத் தனி மதிப்பு உண்டு. ஏனென்றால், பழைய சட்டத்தின் 3சிடி படிவத்தில் 32-ஆம் அம்சம், முந்தைய வருஷங்களின் நஷ்டம் எவ்வளவு என்றும், பங்குகள் கை மாறியதால் 79-ஆம் பிரிவின்படி எடுத்துச் செல்ல முடியாத நிலை ஏற்பட்டிருக்கிறதா என்றும் நேராகவே கேட்கிறது. அங்கே உண்மையை எழுதிவிட்டு, சட்டத்தை வேறுவிதமாகப் புரிந்துகொண்டு ரிட்டர்னில் நஷ்டத்தைக் கழித்த கம்பெனியை, மறைத்தவர்களோடு ஒரே வரிசையில் நிறுத்த முடியாது.

2017-18 மதிப்பீட்டு வருஷம் முதல் 270ஏ பிரிவு வந்தது. குறைத்துக் காட்டிய வருமானத்தின் வரியில் 50 சதவீதம், திரித்துக் காட்டியதாயின் 200 சதவீதம் என்று அபராதம் நிர்ணயிக்கப்பட்டதால், அதிகாரி 100-க்கும் 300-க்கும் இடையே தம் விருப்பம்போல் ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்கும் நிலை போயிற்று. இது மெச்சத்தக்க சீர்திருத்தம். ஆனால், நஷ்டம் குறைந்தாலும் அது குறைத்துக் காட்டியதே என்று இப்பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. முன்சொன்ன உதாரணத்தில் தள்ளப்பட்ட 40 லட்சத்துக்கு, 30 சதவீத விகிதத்தில் வரி கட்டும் கம்பெனி என்று கொண்டால், மேல்வரியும் செஸ்ஸும் நீங்கலாக 12 லட்சம் பாவனை வரி. அபராதம் 6 லட்சம். திரித்தல் என்று முத்திரை குத்தினால் 24 லட்சம். ஆறுக்கும் இருபத்து நான்குக்கும் இடையே நிற்பது, உண்மைகளைத் திரித்தல், பொய்யான பதிவு, ஆதாரமில்லாத செலவு என்பன போன்ற சில வாசகங்களே. ‘ஆதாரம் எதுவும் இல்லாத செலவு’ என்ற வாசகம் என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது. ஏழெட்டு வருஷத்துக்கு முந்தைய ரசீது கிடைக்காமற் போவதும், ரசீதே இல்லாத பொய்ச் செலவும் நோட்டீசில் ஒரே சொற்களால் வர்ணிக்கப்படும் ஆபத்து இருக்கிறது.

இப்பிரிவின் ஆறாவது உட்பிரிவு, நல்லெண்ணத்தோடு கூடிய விளக்கமும் எல்லா முக்கிய விவரங்களையும் வெளியிட்டமையும் இருந்தால் அத்தொகையைக் குறைத்துக் காட்டியதாகக் கொள்ளலாகாது என்று பாதுகாப்பளிக்கிறது. தேதி தவறியோ பங்கு மாறியோ நஷ்டம் மறுக்கப்பட்டவர்கள் எல்லாரும், முழு விவரங்களையும் வெளியிட்டிருந்தால், இப்பாதுகாப்புக்குள் வருவார்கள் என்பது என் திடமான கருத்து. அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றும் உண்டு: நஷ்டத்தின் தொகை சரியென்று ஒப்புக்கொண்டு, எடுத்துச் செல்லும் உரிமையை மட்டும் மறுத்த வருஷத்தில், நஷ்டம் ஒரு ரூபாயும் குறையவில்லையே, அந்த வருஷத்துக்கு அபராதம் என்ற பேச்சே எழ நியாயமில்லை.

பாவனை வரியைப் பற்றி ஒரு யோசனை. மறுக்கப்பட்ட நஷ்டம் எட்டு வருஷத்துக்குள் கழிக்கப்படாமலே காலாவதியாகிப் போவதுண்டு. மூடப்பட்ட மில்களையும் நொடித்துப்போன ஆலைகளையும் அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. அத்தகைய கம்பெனி ஒருகாலும் வரியை ஏய்த்திருக்க முடியாது. ஆயினும் வராத வரியின் பேரில் அபராதம் நிற்கிறது. அதுவும் கடன் கொடுத்தவர்களும் தொழிலாளர்களும் காத்து நிற்கும் நேரத்தில். போலிக் கணக்கு அல்லாத சந்தர்ப்பங்களில், அபராதத்தை நிர்ணயித்து வைத்து, அதைச் செலுத்தும் கடமையைக் கம்பெனி லாபம் காணும் வருஷம் வரை நிறுத்தி வைக்கலாம். வருஷவாரியாக நஷ்டத்தைக் காட்டும் அட்டவணை ரிட்டர்ன் படிவத்திலேயே இருக்கிறபடியால், கணக்கு வைப்பது துறைக்குக் கடினமன்று.

இறுதியாக, 270ஏஏ பிரிவு தரும் விடுதலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உத்தரவுப்படி வரியையும் வட்டியையும் கட்டி, மேல்முறையீடு செய்யாமல், உத்தரவு கிடைத்த மாதம் முடிந்து ஒரு மாதத்துக்குள் விண்ணப்பித்தால், திரித்தல் என்று சொல்லப்படாத விஷயங்களில் அபராதத்திலிருந்து விடுபடலாம். லாபமுள்ள கம்பெனிக்கு இது நல்ல ஏற்பாடு; அது வரியைக் கட்டிவிட்டு நிம்மதியடைகிறது. நஷ்டக் கம்பெனிக்கோ, நஷ்டம் எஞ்சி நிற்கும் வரை, கட்ட வேண்டிய வரியும் இல்லை, வட்டியும் இல்லை. அது கொடுக்க வேண்டிய விலை மேல்முறையீட்டு உரிமை ஒன்றே. அந்த உரிமையைக் கொடுத்துவிட்டால், டிரிப்யூனலில் ஒருவேளை மீண்டிருக்கக்கூடிய நஷ்டம் நிரந்தரமாகப் போய்விடுகிறது. 40 லட்ச நஷ்டத்தை விட்டுக்கொடுத்து 6 லட்ச அபராதத்தைத் தவிர்ப்பதா, அல்லது அபராதத்தின் அபாயத்தோடு வழக்காடுவதா என்பதை ஒரு மாதத்துக்குள் தீர்மானிக்கும்படி, கையில் பணமும் இல்லாத ஒரு சிறு கம்பெனியை நிர்ப்பந்திப்பது நியாயமன்று. நஷ்டம் குறைக்கப்பட்ட வழக்குகளில் மட்டுமாவது, முதல் மேல்முறையீடு முடிந்த பிறகு விண்ணப்பிக்கவும் இடங்கொடுத்து இப்பிரிவைத் திருத்த வேண்டும் என்று வரவு செலவுத் திட்டத்துக்கு முன் ஆலோசனை கேட்கும் நிதி அமைச்சகத்துக்கு வணிகச் சங்கங்களும் ஆடிட்டர்களின் சங்கங்களும் எழுத வேண்டும். அப்படி எழுதும்போது ரிலையன்ஸ் பெட்ரோபிராடக்ட்ஸ் வழக்கின் நான்கு தொகைகளையும் அதில் சேர்த்து எழுதும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.